அரசாங்கம் கொடுத்த வெந்நீர்

என் ஓரகத்திக்கு வருமான வரி ஆபீசிலிருந்து பணம் வந்த அன்று நான் மேல்காட்டில் கேரட்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஓரகத்தி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் தாளிக்கிற வாசனை இந்தப் பக்கம் வரும். இந்தப் பக்கம் நான் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் நான் விடுவதில்லை.

கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வரப்பில் ஓடி வந்தாள். இந்த வயதில் இப்படி ஓடினால் விழுந்து கையைக் காலை உடைத்துக்கொள்வாளே என்று நினைத்தேன். விழவில்லை.

"அக்கா! கவர்மெண்டு எனக்குப் பணம் போட்டுருக்குக்கா!"

"என்ன, முதியோர் பணமா?"

"அது, இல்லாத ஏழைபாழைக்கு. இது இன்கம்டாக்ஸ். டெல்லியில இருந்து வந்துருக்கு."

டெல்லி என்று சொல்லும்போது அவள் குரல் மாறியது. களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதுவும் தமிழ் மட்டும். அது இங்கிலீஷில் இருந்தது. எண்ணைப் படிக்க மட்டும் எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம். எண் நன்றாகத் தெரிந்தது. சின்னத் தொகை இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"நல்லது," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இதில் எனக்கு எரிவதற்கு நியாயம் இருக்கிறது. ரோட்டோரத்தில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு துண்டு நிலம் கிடந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, தங்கும் விடுதி கட்டுகிறவர்கள் கேட்டார்கள், கொடுத்தோம். வந்த பணத்தைச் சரிபாதியாகப் பிரித்தோம். ஒரே பஸ்ஸில் கொடைக்கானல் டவுனுக்குப் போய், ஒரே பேங்கில், ஒரே நாளில், வைப்புத் தொகையாகப் போட்டோம். மூத்தவள் என்பதால் முதல் கையெழுத்து நான் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு பேருக்கும் ஒரே வட்டிதான் விழும். அப்படியிருக்க அவளுக்கு மட்டும் டெல்லியிலிருந்து பணம் வருவானேன்? எனக்கு வராமல் போவானேன்? மூத்தவளைத் தாண்டி இளையவளுக்குக் கொடுப்பது எந்த ஊர் முறை?

அவள் எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில், மருந்துச் சீட்டை அவளிடம் கொடுத்துத்தான் என் மாமியார் படிக்கச் சொல்லுவார். நான் பக்கத்தில்தான் நிற்பேன். அவளுக்கு முடியும் நீளம். அவள் மாடு கூடக் கிடாரியாகத்தான் போடும், என் மாடு காளையாகப் போடும். இதையெல்லாம் நான் என்றைக்காவது சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இல்லை. ஆனால் மறந்ததும் இல்லை.

அந்தப் பணத்தில் அவள் ஒரு கெய்சர் வாங்கினாள். சுவரில் மாட்டுகிற வெள்ளை டப்பா. சுவிட்சைப் போட்டால் குழாயில் வெந்நீர் வரும். எங்கள் மலையில் வெந்நீர் என்பது சும்மா இல்லை. விடிகாலையில் விறகடுப்பில் அண்டாவை ஏற்றி, ஈர விறகை ஊதி, கண்ணில் தண்ணீர் வரும் வரை ஊதினால்தான் மேலுக்கு ஊற்ற முடியும். இவள் இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு விரலால் தட்டினாள்.

"வாங்கக்கா, வந்து ஒரு நாளைக்குக் குளிச்சுட்டுப் போங்க," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "அரசாங்கம் குடுத்த வெந்நீர். சும்மா எளகி வருது."

"எனக்கு வேணாம்த்தா. கரண்டு தண்ணி ஒடம்புக்கு ஆகாது."

"யாரு சொன்னா?"

"என் ஒடம்பு சொல்லுது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுவர் வழியாக வந்தது. அன்று நான் ஊதிய ஊதலில் அடுப்பே அணைந்துவிட்டது.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்துப் பேங்குக்குப் போனேன். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருக்கும். மாதம் தவறாமல் நான் பாஸ்புத்தகம் பதியப் போவதால் என்னைத் தெரியும். கையெழுத்துப் போடத்தான் போகிறேன் என்று நினைத்துப் பேனாவை நீட்டியது.

"கையெழுத்து இல்ல தாயி. எனக்கு வர வேண்டிய டெல்லிப் பணம் எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கியது. எனக்குத் தெரியாதா, அடக்கிய சிரிப்புக்கும் அடக்காத சிரிப்புக்கும் வித்தியாசம்.

"பாட்டி, அவங்களுக்குப் பணம் குடுக்கல. அவங்க பணத்தையே திருப்பிக் குடுத்துருக்காங்க."

"புரியிற மாதிரி சொல்லு."

"வட்டி ஒரு அளவுக்கு மேல போனா, அதுல பத்துல ஒரு பங்கை நாங்க பிடிச்சு வரி ஆபீசுல கட்டிருவோம். சட்டம் அப்பிடி. ஆனா அறுபது வயசு தாண்டினவங்க, வருசம் பூரா வர்ற வருமானத்தைக் கூட்டினாலும் வரி வராதுன்னா, ஏப்ரல்லயே ஒரு படிவம் எழுதிக் குடுத்துட்டா பிடிக்க மாட்டோம். நீங்க வருசா வருசம் குடுக்குறீங்களே, அதான் இது."

அது பதினைந்து எச் என்கிற படிவம். இப்போது பேரை மாற்றுகிறார்கள், எண்ணை மாற்றுகிறார்கள் என்று சொல்கிறார்கள். பேர் எதுவானாலும் சோலி ஒன்றுதான். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். போன வருஷம் கொடுத்தது இந்த வருஷத்துக்கு ஆகாது. இரண்டு பேங்கில் பணம் போட்டிருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். பான் கார்டையும் ஆதாரையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். சேர்க்காவிட்டால் படிவம் கொடுத்தும் பிரயோசனமில்லை, பத்தில் ஒன்றுக்குப் பதில் ஐந்தில் ஒன்றாகப் பிடித்துவிடுவார்கள். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தேன். என் ஓரகத்தியோ அந்த ஏப்ரலில் திருப்பூரில் மகள் வீட்டில் கிடந்தாள். படிவம் கொடுக்கவில்லை, பிடித்துவிட்டார்கள். அவள் மருமகன் கணக்குக் காட்டித் திருப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

"ஒங்ககிட்ட நாங்க பிடிக்கவே இல்லையே பாட்டி," என்றது அந்தப் பெண். "பிடிக்காததை எப்பிடித் திருப்பித் தர்றது?"

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது வேறு மாதிரி இருந்தது. ஒழுங்காக இருந்தவளுக்கு ஒன்றுமில்லை. மகள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தவளுக்கு வெந்நீர். ஊரில் அவளைப் பார்த்து, "நீங்க இன்கம்டாக்ஸ் கட்டுற ஆளாமே," என்று கேட்கிறார்கள். பக்கத்துப் பள்ளங்கி ஊருக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில்கூட யாரோ அதைச் சொன்னார்களாம். என்னைப் பார்த்து, பூண்டு என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள்.

அன்று வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பிடித்தால்தானே திருப்பித் தருவார்கள்? பிடிக்கட்டும்.

அடுத்த ஏப்ரலில் பேங்குக்குப் போனபோது அந்தப் பெண் நான் கேட்காமலே படிவத்தை எடுத்து வைத்தது. நான் அதை அப்படியே திருப்பித் தள்ளினேன்.

"வேணாம் தாயி. இந்த வருசம் எனக்கும் பிடிச்சுக்கோங்க."

"என்ன பாட்டி சொல்றீங்க? பிடிக்காதீங்கன்னுதான் எல்லாரும் இங்க வந்து சண்டை போடுவாங்க."

"நான் சண்டை போடல. பிடிச்சுட்டு, அப்புறம் டெல்லியில இருந்து அனுப்பச் சொல்லு."

"அது வர ஒரு வருசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் ஒங்க பணம் ஒங்க கையில இருக்காது. யோசிச்சுக்கங்க."

"நான் யோசிச்சுத்தான் பஸ் ஏறினேன்."

அந்தப் பெண் படிவத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்தபடி வெளியே வந்தேன். வரி கட்டுகிறவள் நடக்கிற நடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித்தான் நடந்தேன்.

ஜூன் முடிந்து வட்டி விழுந்தது. குறைந்து விழுந்தது. பாஸ்புத்தகத்தில் பிடித்த தொகை தனி வரிசையாக அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பாஸ்புத்தகத்தைப் பிரித்து ஓரகத்தி கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலோரம் வைத்தேன். அவள் பார்க்கவில்லை. கெய்சரில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது.

செப்டம்பர் வட்டியும் குறைந்துதான் விழுந்தது. என் வட்டிப் பணம் எப்படிப் போகும் என்றால், கேஸ், மாத்திரை, மளிகை, பஸ் இதற்கெல்லாம் போய், கடைசியில் நிற்கிற கொஞ்சத்தைத்தான் நான் ஐப்பசிக்கு என்று ஒதுக்கி வைப்பேன். அந்தக் கடைசிக் கொஞ்சம்தான் இப்போது டெல்லியில் இருந்தது.

ஐப்பசிக்கு ஏன் என்றால், அப்போதுதான் மேல்காட்டில் பூண்டு நடுவேன். எல்லா நிலமும் மகன் கைக்குப் போய்விட்டது. அவன் டவுனில் சுற்றுலாக்காரர்களுக்குக் கார் ஓட்டுகிறான். மேல்காடு ஒன்றுதான் இன்னும் என் பேரில், என் கையில் இருக்கிறது. அங்கே நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அதனால்தான் மகனுக்கு அதன்மேல் கண். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்க அந்த இடத்தைக் கேட்கிறார்களாம்.

ஐப்பசி பிறந்ததும் வந்து வாசலில் நின்றான்.

"அம்மா, கொத்துக்கு இன்னும் ஆளு சொல்லலையா?"

"சொல்லுவேன்."

"எருவும் வரல?"

"வரும்லே."

"இங்க பாரும்மா. வருசா வருசம் நீ நட்டே, நான் ஒண்ணும் சொல்லல. இந்த வருசமும் நட்டீன்னா நான் வாயத் தொறக்கல. நடாம சும்மா கெடந்துச்சுன்னா டெண்டுக்காரருக்குக் குடுத்துருவேன். அவரு அட்வான்சு கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"என் காட்டைக் குடுக்க நீ யாருலே?"

"கையெழுத்து நீதான் போடப்போற. நீயே போடுவ. சும்மா கெடக்குற காட்டைப் பார்த்து ஒனக்கே மனசு ஆறாது."

அது உண்மை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காடு சும்மா கிடந்தால் நானே விட்டுக் கொடுத்துவிடுவேன். கொடுத்தால் அதற்கப்புறம் எனக்கென்று காலையில் எழுந்து போக ஓர் இடம் இருக்காது. வீட்டுக்குள் உட்கார்ந்து சுவருக்கு அந்தப் பக்கம் விழுகிற வெந்நீரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விதை இருந்தது. அதற்குக் குறையில்லை. எங்கள் மலையில் விதைப்பூண்டை மண்ணோடு பிடுங்கி, தாளோடு கட்டி, விறகடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம். அடுப்புப் புகை ஏறி ஏறி அது காய்ந்து கெட்டிப்படும். அப்படி இருந்தால்தான் நடவு வரை கெடாது. போன அறுவடையில் விதை வியாபாரி அடிமாட்டு விலை கேட்டார் என்று நான் ஒரு கட்டுக்கூட விற்கவில்லை. பரண் நிறைய இருந்தது. நடவு நேரத்தில் அதை யாரிடமும் விற்கவும் முடியாது, அவரவர் பரணில் அவரவருக்கு இருக்கும். இல்லாதது கூலிக்கும் எருவுக்கும் பணம்.

பேங்குக்குப் போனேன். அந்தப் பெண், "அன்னைக்கே சொன்னேனே பாட்டி," என்று சொல்லவில்லை. அது நல்ல பிள்ளை. "டெபாசிட்டை உடைக்காதீங்க, வட்டியில கழிச்சுருவாங்க. அது மேலயே கடன் தரலாம். ஒங்களுக்கு வர்ற வட்டியை விட ரவையூண்டுதான் கூட," என்றது.

"என் பணத்தை வச்சுக்கிட்டு எனக்கே கடனா? அதுக்கு நான் வட்டி வேற கட்டணுமா?"

"அவசரத்துக்கு அதுதான் பாட்டி நல்லது. வெளிய வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்."

யாருக்கும் அவசரம் வந்தால் அப்படியே செய்யுங்கள், அந்தப் பெண் சொன்னது சரி. ஆனால் எனக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்து மேல்காட்டில் போய் நின்றேன். தூறல் போட்டது. மண் பதமாக இருந்தது. பக்கத்துக் காடு ஓரகத்தியுடையது. அதுவும் கொத்தாமல் கிடந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

அவளுக்கு என்ன குறை? வட்டி முழுசாக வருகிறது. மருமகன் சொல்லி இந்த ஏப்ரலில் படிவம் கொடுத்துவிட்டாள். பின்னே ஏன் கொத்தவில்லை?

மறுநாள் சாயங்காலம் அவளே வந்தாள். வாசலில் நின்று முந்தானையைத் திருகினாள். இந்த வீட்டுக்குள் வர அவள் முந்தானையைத் திருகி நான் பார்த்ததில்லை.

"அக்கா, சோலியா இருக்கீங்களா?"

"அடுப்புதான் ஊதுறேன். ஒன்ன மாதிரி சுவிட்சா போடுறேன்?"

"அந்த எழவைப் பேசாதீங்கக்கா." உள்ளே வந்து உட்கார்ந்தாள். மேலே பரணைப் பார்த்தாள். என் விதைக் கட்டுகள் கறுத்துக் கெட்டியாகத் தொங்கின. அவள் கண் அங்கேயே நின்றது. அந்தக் கண்ணை நான் அடையாளம் கண்டுகொண்டேன். கண்ணாடி முன்னால் நின்றால் எனக்கு இருக்கிற கண் அது.

"என்ன பாக்குற?"

"என் விதை பூராம் போச்சுக்கா."

"எங்க போச்சு?"

"கெட்டுப் போச்சு. பாதி முளை விட்டுருச்சு, பாதி பூசணம் பிடிச்சுப் பொசபொசன்னு ஆயிருச்சு. கெய்சர் வந்ததுக்கப்புறம் நான் விறகடுப்புப் பக்கமே போகல. சமையல் கேஸுல, வெந்நீர் கெய்சருல. பரணுல புகையே இல்ல. எனக்கு அது தோணவே இல்லைக்கா."

நான் ஊதாங்குழலைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவு நாள் என் கண்ணைக் கரித்த புகைதான் என் விதையைக் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ. சொல்லத்தான் செய்கிறேன்.

"அரசாங்கம் குடுத்த வெந்நீர்ல குளிச்சவளுக்கு அரசாங்கத்துக்கிட்டயே விதையும் கேட்க வேண்டியதுதானே?"

"கேளுங்கக்கா, நல்லாக் கேளுங்க. நீங்க கேப்பீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன்." அவளுக்கும் ரோஷம் உண்டு. எழுந்துவிட்டாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள். "சும்மா கேக்கல. விலைக்குத்தான் கேக்குறேன். எருவு எனக்கு வந்து எறங்கிருச்சு, ஆளும் சொல்லிட்டேன். வெறுங்கையோட அவங்களைத் திருப்பி அனுப்ப முடியாது."

எரு வந்து இறங்கியிருக்கிறது. ஆள் சொல்லியிருக்கிறாள். என்னிடம் இல்லாதது எல்லாம் அவளிடம் இருந்தது. அவளிடம் இல்லாத ஒன்று என் தலைக்கு மேலே தொங்கியது.

"விலை வேணாம்," என்றேன்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "சும்மாவா தர்றீங்க?"

"நான் யாருக்கும் எதையும் சும்மா தந்ததில்லை. ஒன் ஆளுகளை முதல்ல என் மேல்காட்டுல கொத்தச் சொல்லு. எருவுல பாதி அங்க எறக்கு. அப்புறம் ஒன் காட்டுக்கு வேணுங்கற விதையைப் பரணுல ஏறி எடுத்துக்க."

"ஒங்களுக்கு ஆளு கூலிக்குக்கூடவா இல்ல?" என்று கேட்டுவிட்டாள். வட்டி அவளுக்கும் எனக்கும் ஒன்றுதானே, கேட்பாள்தானே.

"எனக்கும் பிடிச்சுருக்காங்க," என்றேன். "டெல்லியில இருக்கு."

"நீங்கதான் வருசா வருசம் படிவம் குடுப்பீங்களே?"

"இந்த வருசம் குடுக்கல."

புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, விதையை நினைத்து உள்ளே போனது.

முதலில் என் காடு கொத்தினார்கள். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நான் பல்லைப் பிரித்து, கூர் மேலே பார்க்க, வரிசையாக நட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து நட்டாள். மறுநாள் அவள் காட்டில் நான் உட்கார்ந்தேன். மகன் ஒரு நாள் காரை ரோட்டில் நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்து பார்த்தான்.

"நட்டுட்டியே," என்றான்.

"நடாம பின்ன? டெண்டுக்காரர்கிட்ட அட்வான்சைத் திருப்பி வச்சுக்கச் சொல்லு."

அவனும் சொன்ன சொல் தவறவில்லை. ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனான்.

மாசியில் அறுத்தோம். என் பூண்டு நன்றாகத்தான் வந்தது. குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் பூண்டு என் பூண்டைவிடப் பெரிதாக வந்தது. என் விதை. என் பரணில், என் புகையில் காய்ந்த விதை. அவள் மண்ணில் விழுந்ததும் கொழுத்துவிட்டது. இரண்டு கையாலும் ஒரு தலையைப் பிடித்துக் காட்டி, "பாருங்கக்கா, உங்க கை ராசி," என்றாள். கை ராசி என்றால் என் காட்டில் அல்லவா முதலில் இருக்க வேண்டும்?

ஏப்ரலில் நானே பேங்குக்குப் போய்ப் படிவம் கொடுத்தேன். அந்தப் பெண் பேனாவை நீட்டியது.

ஆனியில் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் வரிக்கணக்கு எழுதுகிற அம்மாவிடம் போனேன். ஓரகத்தியின் மருமகனிடம் கொடுத்தால் சும்மா செய்து கொடுப்பான். அதனால்தான் அவனிடம் கொடுக்கவில்லை. அந்த அம்மா என் பான் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புத்தகம் எல்லாம் வாங்கிப் பார்த்தார். என் பேரில் யார் எவ்வளவு பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று கணினியிலேயே தெரியுமாம். பாஸ்புத்தகத்தில் பிடித்ததும் அதில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒன்றாகத்தான் இருந்தது.

"வேற வருமானம் இருக்கா பாட்டிம்மா?"

"பூண்டு, கேரட்டு."

"அதுக்கு வரி இல்ல. ஆனா மறைக்கக் கூடாது, அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு, எழுதிருவோம்."

"காட்டை டெண்டுக்கு விட்டா?"

"அது விவசாயம் இல்ல. வாடகை வருமானம். நிலம் ஒங்க பேர்ல இருந்தா ஒங்க வருமானம்தான், வட்டியோட சேர்த்துக் காட்டணும்."

இதை மகனிடம் சொல்ல வேண்டும் என்று மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"என் ஓரகத்திக்கு வந்ததைவிட எனக்குக் கொஞ்சம் கூட வருமா?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அவங்களுக்குப் பிடிச்சதும் ஒங்களுக்குப் பிடிச்சதும் ஒண்ணுன்னா, வர்றதும் ஒண்ணுதான்."

"கூட்டித் தர்ற ஆளுங்க இருக்காங்களாமே?"

"இருக்காங்க. இல்லாத செலவு, குடுக்காத நன்கொடை எல்லாம் எழுதி கூட்டித் தருவாங்க. வாங்கும்போது நல்லா இருக்கும். பின்னால நோட்டீசு ஒங்க பேருக்குத்தான் வரும், அவங்க பேருக்கு இல்ல. வேணாம் பாட்டிம்மா."

வேண்டாம் என்று விட்டேன். மனசில்லாமல்தான் விட்டேன். கைபேசிக்கு ஒரு எண் வந்தது, அதை நானே படித்துச் சொன்னேன். "இந்த எண்ணை வேற யாரு போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாதீங்க. ரீஃபண்டு வந்திருக்கு, இதைத் தொடுங்கன்னு மெசேஜ் வந்தா தொடாதீங்க. பணம் தானா பேங்குக்கு வந்துரும்," என்றார் அந்த அம்மா. அவருக்கு ஒரு கூலி கொடுத்தேன். ஓரகத்திக்கு அந்தக் கூலியும் இல்லை.

ஆவணியில் பணம் வந்தது. கொஞ்சம் வட்டியும் சேர்ந்தே வந்தது. மெசேஜைப் பார்த்ததும் நான் ஓடவில்லை. பைய எழுந்து, புடவையைச் சரி செய்து, கைபேசியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனேன். அவள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா பாரு. டெல்லியில இருந்து வந்துருச்சு."

கைபேசியை வாங்கிப் படித்தாள். எட்டாவது படித்தவள், இங்கிலீஷையும் படித்தாள். எவ்வளவு நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்குத் தெரியாது. என்ன எதிர்பார்த்தேன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

"நல்லதுக்கா," என்று திருப்பிக் கொடுத்தாள். ஒரு பீன்ஸை ஒடித்தாள். "எனக்கு இந்த முறை ஒத்தப் பைசா பிடிக்கல. படிவம் ஒழுங்காக் குடுத்துட்டேன்ல. பேங்குல அந்தப் பொண்ணுகூடச் சொல்லுச்சு, இவ்வளவு சரியா வெச்சுக்கிறவங்க ஊருல கொஞ்சம் பேருதான்னு. பிடிக்கிறதும் திருப்பித் தர்றதும், அதுக்கு யாருக்கா அலையிறது?"

அந்தப் பெண் என்னிடம் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் எத்தனை வருஷம் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறேன்!

வீட்டுக்கு வந்தேன். கெய்சர் வாங்கலாமா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். புகை வேண்டும். இப்போது என் விதைக்கு மட்டும் இல்லை, அவள் விதைக்கும் வேண்டும். மாசி அறுவடை முடிந்ததும் அவள் விதைக் கட்டுகளையெல்லாம் சுமந்து வந்து, "உங்க பரணுல தொங்க விடட்டுமாக்கா, எங்கிட்டத்தான் புகை இல்லையே," என்று கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். மேல்காடு அந்த வருஷம் என் கையில் நின்றது அவள் எருவால்தானே.

சாயங்காலம் அடுப்பு ஊதும்போது நிமிர்ந்தால் இரண்டு பேர் பூண்டும் தலைக்கு மேலே தெரியும். என் விறகு, என் மூச்சு, என் புகை. அதில் அவள் கட்டுகள்தான் பெரிதாக, கொழுகொழு என்று தொங்குகின்றன. நேற்று ஏணி போட்டு ஏறி, நடுவில் புகை நன்றாக ஏறுகிற இடத்திலிருந்து அவளுடையதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, என்னுடையதை நடுவில் கட்டினேன். கெட்டுப் போகிற அளவுக்குத் தள்ளவில்லை. கொஞ்சம்தான்.